பொருத்தம் கண்ட பின் என்ன பேசுவது?

பிரிட்ஜ் ஆட்டத்தில் கூட்டாளியோடு பேச மொத்தம் 38 சொற்களே உண்டு. 1 கிளாவர் தொடங்கி 7 நோ டிரம்ப் வரை 35 கேள்விகள் (ஏலக் கூற்றுகள்), பிறகு பாஸ், டபுள், ரீடபுள். கையில் உள்ள 13 சீட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் இவற்றைக் கொண்டே சொல்லியாக வேண்டும். ஒருமுறை கடந்துபோன கேள்விக்குத் திரும்ப முடியாது. எதிரணி ஒரு படி ஏறினால், அந்தப் படிக்குக் கீழே இருந்த சொற்கள் நமக்கும் அழிந்துபோகின்றன. ஆகவே எந்தச் சொல்லுக்கு எப்போது என்ன பொருள் என்று கூட்டாளிகள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதுதான் இந்த ஆட்டத்தின் பாதி. இந்தப் பேச்சு பெரும்பாலும் தவறான இடத்தில் நின்றுவிடுகிறது. முதல் கேள்விக்கு என்ன பொருள், நோ டிரம்புக்கு எத்தனை புள்ளி, பெரிய ஒப்பந்தத்துக்குப் போகுமுன் ஆசுகளை எப்படி விசாரிப்பது என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதி வைப்பவர்கள், இருவருக்கும் ஓர் இனத்தில் பொருத்தம் கிடைத்து, எதிரணியும் விடாமல் மேலேறும் கட்டத்துக்கு ஒரு வரிகூட எழுதி வைப்பதில்லை. நம் வீடுகளில் பொருத்தம் பார்ப்பதோடு எல்லாம் முடிந்தது என்று யாரும் நினைப்பதில்லை. சீட்டு மேசையில் மட்டும் அப்படி நினைக்கிறோம்.

ஆக்லாந்தின் ஹில்ஸ்பரோவிலிருந்து இதை எழுதக் காரணம் உண்டு. மனுக்காவ் துறைமுகத்தைப் பார்த்த சரிவில் அமைந்த இந்தப் புறநகரும், அதை ஒட்டிய மவுண்ட் ரோஸ்கிலும் ஒரே புக்கேதாபாபா உள்ளூர் வாரியத்தின் கீழ் வருபவை. தெற்காசியக் குடும்பங்கள் நிறைந்த இந்த வட்டாரத்தில் ஈழத்திலிருந்து வந்தவர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் வாழ்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த தலைமுறைக்கு 304 ஆட்டத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஓர் இனத்துக்கு 76 புள்ளி வீதம் நான்கு இனங்களுக்கு 304. எதிரெதிரே கூட்டாளிகள், கேள்வி, துரும்பு, பிடி எல்லாம் அதிலும் உண்டு. இறங்கிய சீட்டுகளை நினைவில் வைப்பதிலும், துரும்பை எண்ணுவதிலும் அந்தத் தலைமுறைக்கு இருக்கும் தேர்ச்சியோடு பிரிட்ஜுக்கு வருபவர், பத்து வருடம் ஆடியவரோடு சமமாக உட்கார முடியும். ஆனால் 304இல் கேள்வி என்பது ஓர் எண். எந்த இனம் துரும்பு என்பதைக் கேட்டவர் சீட்டைக் கவிழ்த்து மறைத்து வைப்பார். மறைப்பது அங்கே கலை. பிரிட்ஜில் ஒவ்வொரு கேள்வியும் இனத்தின் பெயரோடு, நான்கு பேர் காதிலும் விழும்படி வருகிறது. மறைப்பதற்குப் பழகிய கை, சொல்வதற்குப் பழக வேண்டும். அதிலும் பொருத்தம் கண்டபின் சொல்லப் பழகுவதுதான் கடினமானது. எனவே புதிதாக வருபவருக்கும், பல்லாண்டு ஆடியவருக்கும் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: புதிய கன்வென்ஷன்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, பொருத்தத்துக்குப் பிந்தைய போட்டிக்கு நான்கைந்து உடன்பாடுகளை முதலில் செய்துகொள்ளுங்கள்.

அந்தக் கட்டம் எவ்வளவு அடிக்கடி வரும் என்பதற்குக் காகிதமும் பென்சிலும் போதும். நானும் கூட்டாளியும் சேர்ந்து 26 சீட்டு வைத்திருக்கிறோம். அதில் இஸ்பேடு 9 என்றால் எதிரணியிடம் இஸ்பேடு 4தான். அவர்களுடைய மற்ற 22 சீட்டுகளும் மூன்று இனங்களில் பரவியிருக்க வேண்டும். எப்படிப் பிரித்தாலும் ஏதோ ஓர் இனத்தில் 8க்குக் குறையாது. அதாவது நமக்கு 9 சீட்டுப் பொருத்தம் இருந்தால் அவர்களுக்கு 8 சீட்டுப் பொருத்தம் கட்டாயம் உண்டு. நமக்கு 8 என்றாலும் நிலைமை அதிகம் மாறுவதில்லை. அவர்களுடைய மீதி 21 சீட்டும் மூன்று இனங்களில் 7, 7, 7 என்று துல்லியமாகப் பிரிந்தால் மட்டுமே அவர்களுக்கு எட்டு சீட்டுப் பொருத்தம் இல்லாமல் போகும். நமக்குப் பொருத்தம் கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும்போதே எதிரே இருப்பவர்களுக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது என்பது ஊகம் அன்று, கணக்கு. பலமும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக விழுந்துவிட்டால் போட்டி தவிர்க்க முடியாதது. பெரிய ஒப்பந்தத்துக்கான சீட்டு எப்போதோ ஒருமுறை வருகிறது. அதற்குப் பத்துப் பக்கம் எழுதி வைத்துவிட்டு, ஒரு மாலையில் பலமுறை வரும் கட்டத்தைக் கண நேர உள்ளுணர்வுக்கு விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்தக் கட்டத்துக்கு முதன்முதலில் ஓர் அளவுகோல் தந்தவர் ழான்-ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர். 1960களில் தன் நூலிலும், 1969இல் அமெரிக்காவின் ‘பிரிட்ஜ் வேர்ல்டு’ இதழிலும் அவர் சொன்னது இது: இரு அணிகளும் தத்தம் சிறந்த துரும்பில் எடுக்கக்கூடிய பிடிகளைக் கூட்டினால், அந்தத் தொகை இரு அணிகளின் துரும்புச் சீட்டுகளின் தொகைக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும். நமக்கு இஸ்பேடு 9, அவர்களுக்கு ஆட்டின் 8 என்று வையுங்கள். தொகை 17. அவர்கள் 9 பிடி எடுப்பதாக 3 ஆட்டின் சொல்லிவிட்டார்கள். அவர்களால் 9 பிடி எடுக்க முடியுமென்றால் நம்மால் 8. நாம் 3 இஸ்பேடு சொல்லி ஒரு பிடியில் தோற்பதற்கு, வல்னரபிளாக (தோல்விக்கு அபராதம் கூடும் நிலையில்) இல்லாதபோது 50 புள்ளிதான் போகும். விட்டுக்கொடுத்திருந்தால் 140 போயிருக்கும். அவர்களால் 8தான் முடியுமென்றால் நம்மால் 9 முடியும், 3 இஸ்பேடு கைகூடி 140 கிடைக்கும். இரண்டு நிலையிலும் 3 இஸ்பேடுதான் சரி. இப்போது நம் இஸ்பேடு 9க்குப் பதில் 8 என்று மாற்றுங்கள். தொகை 16 ஆகிவிடுகிறது. அவர்களுக்கு 9 கிடைக்கும் நாளில் நாம் 7 பிடியோடு இரண்டில் தோற்போம், டபுள் விழுந்தால் 300. அவர்களுக்கு 8 கிடைக்கும் நாளில் அவர்களும் தோற்றிருப்பார்கள், நாம் வலியப் போய்த் தோற்கிறோம். ஒரே ஒரு துரும்புச் சீட்டு வித்தியாசம், முடிவு நேர்மாறு. அந்த ஒன்பதாவது சீட்டு நம்மிடம் இருக்கிறதா என்பதைக் கூட்டாளிக்குச் சொல்ல வழியில்லாத இணை, ஒவ்வொரு முறையும் காசு சுண்டிப் பார்ப்பதற்குச் சமமானதைத்தான் செய்கிறது.

ஆனால் துரும்பை எண்ணுவது மட்டும் போதாது. சொற்கள் அழியும் விதத்தையும் பார்க்க வேண்டும். நான் 1 இஸ்பேடு, எதிரணி 2 ஆட்டின், கூட்டாளி 2 இஸ்பேடு, எதிரணி 3 ஆட்டின். இப்போது என் முறை. என்னிடம் இரண்டு விதமான கை இருக்கலாம். ஒன்று, துரும்பு ஒன்று கூடுதலாக உள்ள சாதாரணக் கை: 3 இஸ்பேடுக்குப் போய் நின்றுவிட வேண்டும், கூட்டாளி ஏறக் கூடாது. மற்றொன்று, வலுவான கை: கூட்டாளியிடம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், கூடுதல் புள்ளி தரும் 4 இஸ்பேடு கேமுக்குப் போகலாம் என்று அழைக்க வேண்டும். 3 ஆட்டினுக்கும் 3 இஸ்பேடுக்கும் நடுவே வேறு கேள்வி எதுவுமில்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. தமிழில் இரட்டுற மொழிதல் அணி, இங்கே அது நட்டம். மூன்றாவது படியில் எதிரணி சொன்னது டைமண்ட் என்றிருந்தால் 3 ஆட்டின் என்ற கேள்வி நடுவில் மிஞ்சியிருக்கும், அதை அழைப்பாக வைத்துக்கொள்ளலாம். ஆட்டின் என்னும்போது அதுவும் பறிபோகிறது. மிஞ்சிய ஒரே மலிவான சொல் டபுள். எனவே தேர்ந்த இணைகள் இந்த ஓர் இடத்தில் டபுளுக்கு அபராதம் என்ற பழைய பொருளை எடுத்துவிட்டு, ‘கேமுக்கு வருகிறாயா’ என்ற பொருளைக் கொடுத்திருக்கின்றன. 3 இஸ்பேடு என்றால் நிறுத்து, டபுள் என்றால் யோசி. இதற்கு விலையும் உண்டு: 3 ஆட்டினில் எதிரணி வசமாகச் சிக்கிய அபூர்வமான நாளில் அபராதம் வாங்க முடியாமல் போகும். எட்டு, ஒன்பது துரும்போடு பொருத்தம் கண்டுவிட்ட எதிரணி மூன்றாம் படியில் அப்படிச் சிக்குவது அரிது. வல்னரபிளாக இருக்கும்போது கேம் ஒன்றைத் தவறவிட்டு 3 இஸ்பேடில் பத்துப் பிடி எடுத்தால் 170, கேம் போயிருந்தால் 620. குழுப் போட்டி அளவையில் அந்த 450 வித்தியாசம் 10 புள்ளி. அபூர்வமான அபராதத்தைக் கொடுத்து இதை வாங்குவது நல்ல வியாபாரம்.

இன்னொரு உடன்பாடு இதைவிட முந்திய கட்டத்தைச் சேர்ந்தது, அதைவிட முக்கியமானதும்கூட. எதிரணி குறுக்கே வந்தபின் கூட்டாளியின் இனத்தை ஆதரிப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சீட்டுப் புள்ளி நிறைய இருப்பது ஒன்று. புள்ளி குறைவாகவும் துரும்பு நிறையவும் இருப்பது மற்றொன்று. முதலாவது ‘இந்த ஆட்டம் நம்முடையது’ என்கிறது. இரண்டாவது ‘அவர்களுடையதாக இருக்கலாம், இடத்தை அடைத்துவிடுவோம்’ என்கிறது. இரண்டையும் ஒரே தாவலால் (படி தாண்டிச் சொல்லும் கேள்வியால்) சொன்னால் கூட்டாளி கடைசிவரை இருட்டில் இருப்பார். எதிரணியின் இனத்தையே நாம் சொல்லி வலுவான ஆதரவைக் காட்டுவது, நேராகத் தாவுவதைத் துரும்பு மிகுந்த பலவீனமான கைக்கு ஒதுக்குவது என்ற பிரிவு இப்போது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. எதிரணி டேக்-அவுட் டபுள் (தன் கூட்டாளியை இனம் சொல்ல அழைக்கும் டபுள்) போட்டால் 2 நோ டிரம்பை வலுவான ஆதரவுக்கு ஒதுக்குவதும் அப்படியே. இதன் பயன் உடனே தெரியாது, இரண்டு சுற்றுக் கழித்துத்தான் தெரியும். நாம் 4 இஸ்பேடுக்கு வந்தபின் எதிரணி 5 ஆட்டினுக்கு ஏறுகிறது என்று வைப்போம். வலுவின் வழியாக 4க்கு வந்திருந்தால் அவர்கள் தியாகம் செய்கிறார்கள், டபுள் இல்லாமல் விட்டுவிட முடியாது. அப்போது நம் பாஸ் ‘நான் இரண்டுக்கும் தயார், நீ முடிவு செய்’ என்ற அழைப்பாகிறது. இடத்தை அடைப்பதற்காக 4க்குத் தாவியிருந்தால் அதே பாஸுக்கு ‘நான் முடித்துவிட்டேன்’ என்பதே பொருள். மேசையில் வைக்கப்படும் அட்டை ஒன்றுதான். அதன் பொருளைத் தீர்மானிப்பது இரண்டு சுற்றுக்கு முன் ஆதரவு எந்த வழியில் வந்தது என்பது. அடித்தளம் போடாமல் மேல்மாடியில் பேச முடியாது.

உடன்பாடு இல்லாமையின் மிகப் பெரிய கேடு புள்ளியில் தெரிவதில்லை, மேசையின் அமைதியில் தெரிகிறது. என்ன சொன்னாலும் கூட்டாளி எப்படி எடுத்துக்கொள்வாரோ என்ற நிலையில் எவரும் தயங்குவார். 3 ஆட்டினுக்குப் பிறகு நீண்ட யோசனை, பின் ஒரு பாஸ். அந்தத் தயக்கமே கூட்டாளிக்கு ஒரு சேதி: இவரிடம் ஏதோ இருக்கிறது. கூட்டாளி 3 இஸ்பேடு சொல்கிறார், கைகூடுகிறது, எதிரணி போட்டி நடுவரான டைரக்டரை அழைக்கிறது. பிரிட்ஜ் சட்டங்களின் 16ஆம் விதி இதைத்தான் பேசுகிறது: கூட்டாளியின் தயக்கம் ஒரு வழியைச் சுட்டினால், நியாயமான வேறு வழி இருக்கும்போது அந்த வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முடிவு திருத்தப்படுகிறது, யாரும் ஏமாற்ற நினைக்காத மேசையில் ஏமாற்றிவிட்டதாக ஒரு மனக்கசப்பு தங்கிவிடுகிறது. மன்றங்களில் நட்பு முறிவது பெரும்பாலும் இப்படித்தான், இதற்காகத்தான் எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு ஆதங்கம். உடன்பாடு உள்ள இணைக்குத் தயங்கக் காரணம் குறைவு. வலுவென்றால் டபுள், துரும்பென்றால் 3 இஸ்பேடு, இரண்டும் இல்லையென்றால் பாஸ். நிதானமான ஒரே வேகத்தில் சொல்லிவிடலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு: இப்படி இருவருக்குள் பொருள் பேசி வைத்துக்கொள்வது ரகசியக் குறி வைப்பதுபோல் ஆகாதா? இதற்கு விடை சென்னையில் இருக்கிறது. 2015 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் உலக பிரிட்ஜ் அணிகள் சாம்பியன்ஷிப் சென்னையில், கிண்டி ஐடிசி கிராண்ட் சோழா ஹோட்டலில் நடந்தது. அந்தக் கோடையில்தான் நார்வேயின் போயே புரோகலாண்ட், முன்னணி இணைகள் சில சட்டவிரோதமான சைகைகளால் பேசிக்கொள்கின்றன என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டியிருந்தார். சீட்டை வைக்கும் கோணம், சீட்டுப் பலகையை வைக்கும் இடம் என்று காணொளிகளை உலகமே அலசியது. இஸ்ரேல், மொனாக்கோ, ஜெர்மனி அணிகள் சென்னைக்கு வராமல் விலகின. பெர்முடா பவுல் கோப்பையை இறுதியில் ஸ்வீடனை வென்று போலந்து எடுத்துச் சென்றது. அந்தக் கசப்பான ஆண்டு தெளிவாக்கிய வேறுபாடு இது. இணைகள் தங்கள் கேள்விகளுக்கு நூறு பொருள் பேசி வைத்திருக்கலாம், 40ஆம் விதி அதை அனுமதிக்கிறது. ஆனால் அந்தப் பொருள் அனைத்தும் எதிரணிக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அதே விதி கட்டளையிடுகிறது. எதிரணி கேட்டால் விளக்க வேண்டும், சிஸ்டம் கார்டில் எழுதியிருக்க வேண்டும். குற்றம் உடன்பாட்டில் இல்லை, மறைப்பில் இருக்கிறது. எழுதப்படாத உடன்பாடுதான் உண்மையில் ஆபத்தானது: பல வருடம் சேர்ந்து ஆடியவர்களுக்குள் பழக்கத்தால் ஒரு பொருள் உருவாகிவிடும், அதை அவர்களே உணர்ந்திருக்க மாட்டார்கள், எதிரணிக்கோ எதுவும் தெரியாது. எழுத உட்கார்ந்தால்தான் அது வெளிச்சத்துக்கு வரும்.

வெர்னின் அளவுகோலையே மறுப்பவர்களும் உண்டு, அவர்கள் வாதம் கனமானது. வெர்னின் கருத்தை அமெரிக்கரான லாரி கோஹன் 1992இல் எழுதிய நூல் வழியே உலகெங்கும் பரப்பினார். ஸ்வீடனின் ஆண்டர்ஸ் விர்கிரன், அமெரிக்காவின் மைக் லாரன்ஸ் இருவரும் 2004இல் அதை எதிர்த்து ஒரு நூலே எழுதினார்கள். கணினியில் ஏராளமான சீட்டுப் பகிர்வுகளை ஆராய்ந்தால், பிடிகளின் தொகையும் துரும்பின் தொகையும் துல்லியமாகச் சமமாவது சுமார் 40 விழுக்காட்டு ஆட்டங்களில்தான். குறுகிய இனங்கள் எத்தனை, பயனுள்ள புள்ளி எவ்வளவு என்பதே முக்கியம் என்றார்கள் அவர்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வெர்னின் அளவுகோலை ‘விதி’ என்று அழைத்ததே மிகை. ஆனால் அவர்களுடைய வழியை ஏற்றாலும், கூட்டாளியிடம் துரும்பு எத்தனை, வலு எங்கே, குறுகிய இனம் எது என்று தெரியாமல் எதையும் கணக்கிட முடியாது. விர்கிரனின் கணக்குக்கு வெர்னின் கணக்கைவிடக் கூடுதல் தகவல் வேண்டும். புதிய இனத்தில் தாவி, ‘உன் இனத்துக்கும் ஆதரவு, இந்த இனத்திலும் நீளம்’ என்று ஒரே மூச்சில் சொல்லும் பொருத்தத் தாவல் அத்தகைய தகவலைத்தான் தருகிறது. எந்தக் கோட்பாட்டைப் பிடித்தாலும் உடன்பாட்டின் தேவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

எல்லாவற்றிலும் அடிக்கடி கேட்கும் மறுப்பு நினைவாற்றல் பற்றியது. பிரிட்ஜ் மன்றங்களில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம், அவர்கள் தலையில் இன்னும் எத்தனை ஏற்றுவது என்கிறார்கள். 2018இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஆண்கள் இணைப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வென்றபோது பிரணப் பர்தனுக்கு வயது 60, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. ஆனாலும் அவர்களைக் காட்டி மற்றவர்களின் சிரமத்தை ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. நான் கேட்பது கூட்டல் அன்று, இடமாற்றம். எப்போதாவது வரும் கைக்காக மனப்பாடம் செய்த கன்வென்ஷன்களில் இரண்டைக் கைவிட்டால் போதும், அந்த இடத்தில் இவை உட்கார்ந்துவிடும். இவற்றை மனப்பாடம் செய்யவும் தேவையில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. இடமில்லாதபோது டபுள் அழைப்பாகிறது என்ற காரணம் புரிந்தவருக்கு விதி தானே நினைவுக்கு வரும். உள்ளுணர்வை இது கொன்றுவிடும் என்பாரும் உண்டு. கூட்டாளி சொன்னது என்னவென்று ஊகிப்பதில் செலவாகும் உள்ளுணர்வை, சொன்னது தெரிந்தபின் என்ன செய்வது என்பதில் செலவிட்டால் ஆட்டம் இன்னும் உயரும்.

ஆகவே தொடக்கநிலை வகுப்பு நடத்தும் மன்றங்கள் தங்கள் பாட வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கோரிக்கை. பெரிய ஒப்பந்தத்துக்கு ஆசு விசாரிக்கும் பாடத்துக்கு முன்பாக, பொருத்தம் கண்டபின் போட்டி என்ற பாடம் வரட்டும். 304 ஆடிய கைகள் அதை மற்றவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்ளும், துரும்பை எண்ணுவது அவர்களுக்கு மூச்சுவிடுவதுபோல. சிஸ்டம் கார்டில் இதற்கு நான்கு வரி போதும். எதிரணி குறுக்கிட்டால் வலுவான ஆதரவு எந்த வழி, துரும்பு மிகுந்த பலவீனமான ஆதரவு எந்த வழி என்பது முதல் வரி. நடுவே கேள்வி மிஞ்சியிருந்தால் அது அழைப்பு, மிஞ்சாவிட்டால் டபுள் அழைப்பு என்பது இரண்டாவது. நம் இனத்தையே மீண்டும் சொல்வது துரும்பின் பேரில் மட்டும், வலுவின் பேரில் அன்று என்பது மூன்றாவது. வலுவின் வழியாகக் கேமுக்கு வந்தபின் எதிரணி மேலேறினால் நம் பாஸ் ஆட்டத்தை முடிக்காது என்பது நான்காவது. அந்த நான்காவது வரிக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் வெற்றிடம் விட்டுவையுங்கள். நாம் வல்னரபிள், அவர்கள் இல்லை என்றால் அது பொருந்துமா, அழைப்பை ஏற்று எட்டிய கேமுக்கும் பொருந்துமா என்று இருவரும் முதலில் முட்டிக்கொள்ளப்போவது அங்கேதான். அந்த வாக்குவாதத்தை மேசைக்கு வருமுன் தேநீர்க் கோப்பையோடு முடித்துக்கொண்டு, என்ன முடிவானதோ அதை எதிரணியும் படிக்கும் எழுத்தில் எழுதுங்கள்.